மருந்து விட்ட பத்து நிமிடம்

அக்டோபர் 9, திங்கள்

ஜாஸ்மின் சிஸ்டர் இந்த நோட்டைக் கொடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். நான் எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்று சொல்லிவிடுகிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. இருபத்தோரு வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறேன். டூட்டி முடிந்ததும் டெப்போ நோட்டில் வண்டியின் கோளாறை எழுதுவோம். 'கிளட்ச் கனமாக இருக்கிறது.' 'இடது வைப்பர் வேலை செய்யவில்லை.' அதைப் போலவே எழுதிவிடுகிறேன்.

பெயர் காசிமாயன். வயது 47. ஊர் வத்தலக்குண்டு. ரத்தப் புற்றுநோய். போன வருஷம் ஆகஸ்டில் ஸ்டெம் செல் மாற்றினார்கள். செல் கொடுத்தது உசிலம்பட்டியில் இருக்கும் என் அக்கா வீரலட்சுமி. பதினான்கு மாதம் ஆகிறது. ரத்தத்தில் நோய் இல்லை என்கிறார்கள்.

இன்று காலை மூன்று இட்லி, சட்னி இல்லாமல். காரம் பட்டால் வாய் எரிகிறது. மத்தியானம் தூங்கினேன். சாயங்காலமும் தூங்கினேன்.

அக்டோபர் 11

களைப்பு.

அக்டோபர் 12

நேற்று எழுதியது போதாது என்று ஜெயக்கொடி சொல்கிறாள். ஜெயக்கொடி என் மனைவி. களைப்பு என்றால் எப்படிப்பட்ட களைப்பு என்று எழுத வேண்டுமாம்.

மலை ரூட்டில் இரண்டு டிரிப் அடித்துவிட்டு வந்தால் ஒரு களைப்பு இருக்கும். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் போய்விடும். இது படுத்தாலும் போவதில்லை. தூங்கி எழுந்தால் தூங்கியதே களைப்பாக இருக்கிறது. இன்று சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அக்டோபர் 20

தடுப்பூசி. கைக்குழந்தைகளுக்குப் போடுவதை எல்லாம் எனக்கு முதலிலிருந்து மறுபடி போடுகிறார்கள். பழைய ரத்தத்தோடு பழைய ஊசியெல்லாம் போய்விட்டதாம். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. அடுத்தது நான். ஜெயக்கொடி சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

சாயங்காலம் அவள் சீக்கிரமே படுத்துவிட்டாள். இடுப்பு வலியாம்.

நவம்பர் 12, தீபாவளி

மகள் தர்ஷினி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். கூட்டத்தில் நிற்கக் கூடாது என்பதால் நான் மாஸ்க் போட்டுக்கொண்டு உள் அறையில் இருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் வாசலில் நின்றபடி ஒன்றையே சொன்னார்கள். "எமன்கிட்ட போயிட்டுத் திரும்பி வந்திருக்கீக. இனிமே ஒரு கொறையும் இல்ல." நானும் ஆமாம் என்றேன்.

கண் உறுத்துகிறது. வெடிப் புகையாக இருக்கும்.

நவம்பர் 15

புகை இல்லை. இன்னும் உறுத்துகிறது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து வாங்கினேன். விட்டால் சரியாகிவிடுகிறது.

நவம்பர் 27, திங்கள்

மதுரை. ரத்தம் எடுத்தார்கள். எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது என்றார் டாக்டர் ரகுநந்தன். செப்டம்பரில் ஒரு மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அதை நிறுத்தியபின் ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார். அவர் முன்பே விளக்கியிருக்கிறார். அக்காவின் செல் என் உடம்புக்குள் வந்து குடியேறியிருக்கிறது. சில சமயம் அது என் உடம்பையே வேற்று ஆள் என்று நினைத்துச் சண்டை போடும், அதை அடக்கத்தான் அந்த மாத்திரை. வாயில், தோலில், கண்ணில். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துனா ஒரு நாள்கூட வச்சிருக்காதீங்க, ஒடனே சொல்லுங்க" என்று சொல்லியிருந்தார்.

வாய் எரிவதைச் சொன்னேன். கொப்பளிக்க மருந்து கொடுத்தார்.

பிறகு ஜாஸ்மின் சிஸ்டர் தாளோடு உட்கார்ந்தார்.

"போன ஒரு வாரத்துல களைப்பு இருந்துச்சா?"

"கொஞ்சம்."

"கண் உறுத்தல், பார்வை மங்கல்?"

"இல்ல சிஸ்டர்."

"வாழ்க்கை திருப்தியா இருக்கா? சுத்தமா இல்ல, கொஞ்சம், ஓரளவு, நல்லா, ரொம்ப நல்லா. இதுல எது?"

"ரொம்ப நல்லா."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நெசமாவா அண்ணா?" என்றார். வேலைக்குத் திரும்பச் சர்டிபிகேட் கேட்டிருக்கிறேன் என்று சொன்னேன். ரத்தத்தைப் பொறுத்தவரை டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். கண், காது எல்லாம் மெடிக்கல் போர்டில் பார்ப்பார்களாம்.

திரும்பும்போது அக்கா போன் செய்தாள்.

"ஏன்டா மாயா, என் ரத்தம் ஒழுங்கா வேல செய்யுதா?"

"நல்லா செய்யுதுக்கா."

"ஏதாச்சும் வம்பு பண்ணுச்சுன்னா சொல்லு, நான் வந்து கேக்குறேன்."

அவளிடம் கண்ணைப் பற்றி எப்படிச் சொல்ல? செல் எடுப்பதற்கு முன் ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் வலிக்கிறது என்று சொல்லாமல் சிரித்துக்கொண்டு படுத்திருந்தவள் அவள்.

டிசம்பர் 6

மெடிக்கல் போர்டு. என் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே குழாயடிக்குப் போய் மருந்து விட்டுக்கொண்டேன். விட்ட பத்து நிமிடம் எனக்கு யாரையும் விட நன்றாகத் தெரியும். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. தெரிந்ததைத்தான் வாசித்தேன்.

பாஸ்.

டிசம்பர் 13, புதன்

இன்று வண்டி எடுத்தேன்.

முதலில் ஒரு மாதம் சமவெளி ரூட், வத்தலக்குண்டு–நிலக்கோட்டை–மதுரை. கண்டக்டர் அருளப்பன்தான். கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு நோய் வருவதற்கு முன் கொடைக்கானல் மலை ரூட்டில் பதினோரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும்தான். சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் "அண்ணே, சீட்டு சூடாவே இருக்குல்ல? யாரையும் ஒக்கார விடல" என்றான். பொய்தான். ஆனாலும் நன்றாக இருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை தானாக வேலை செய்தது. பதினாறு மாதம் நான் ஆஸ்பத்திரி நம்பராக இருந்தேன். இன்று ஒரு ஆள், "டிரைவரண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். நிறுத்தினேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் படுத்துவிட்டேன். ஜெயக்கொடி கழற்றிவிட்டாள்.

டிசம்பர் 16

ஜன்னல் காற்று கண்ணைக் காய வைக்கிறது. கூலிங்கிளாஸ் போட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பெரிய ஸ்டாப்பிலும் மருந்து. அருளப்பன் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 19

நிலக்கோட்டை தாண்டி ஒரு இடத்தில் பிரேக்கைக் கொஞ்சம் வேகமாகப் போட வேண்டியிருந்தது. யாருக்கும் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 20

டூட்டி. விசேஷம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 21

டூட்டி. ஜனவரி ஒன்றிலிருந்து எனக்கும் அருளப்பனுக்கும் மலை ரூட் போட்டிருக்கிறார்கள். புது வருஷக் கூட்டம், அதன்பின் பொங்கல் கூட்டம். பழக்கமான டிரைவர் வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். இதற்காகத்தான் காத்திருந்தேன்.

சாப்பாடு இறங்கவில்லை. வாய்ப்புண்.

டிசம்பர் 22, வெள்ளி

மத்தியானம் அருளப்பன் வீட்டுக்கு வந்தான். என்னிடம் பேச அவன் வீடு தேடி வந்ததே இல்லை. பேசுவதெல்லாம் வண்டியில்தான். ஜெயக்கொடி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பூக்காரம்மா."

"அதான் ஒண்ணும் ஆகலயேடா."

"ஆகல. நான் முன் படிக்கட்டுல நின்னேன். அந்தம்மா ரோட்டுல பாதி தூரம் வந்துருச்சு. நீங்க வேகத்தக் கொறைக்கல. நான் விசில் அடிச்சப்புறந்தான் பிரேக்க மிதிச்சீங்க."

நான் சட்டைப் பையில் துருத்திய மருந்து டப்பாவை உள்ளே தள்ளினேன்.

"நீங்க அவுகளப் பாக்கலண்ணே."

"வெயில்டா. எதிர் வெயில்."

"வெயில் நம்ம முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சு."

டிசம்பர் 19 அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். மருந்து விட்டு அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கலங்கல்தான் தெரிந்தது. கண்ணீர்ப் படலம் என்று நினைத்துச் சிமிட்டினேன். அப்போது விசில் சத்தம். வண்டி நின்றபோது அவளுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். பை கீழே விழுந்து பூ எல்லாம் ரோட்டில். "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று கத்தினாள். நாற்பது பேர் வண்டியில் இருந்தார்கள். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேர் என்னை அப்படித் திட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு அவள் சொன்னது சரி.

அருளப்பன் எழுந்தான். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. ஒண்ணாந்தேதி நீங்க மலைக்கு வண்டி எடுத்தா நானும் ஏறுவேன். இத்தன வருஷம் ஒங்க பின்னாடி நின்னவன், எறங்க மாட்டேன். வீட்ல பிள்ளைகள்ட்ட சொல்லிட்டு ஏறணுமான்னு மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.

டிசம்பர் 23

ஜெயக்கொடி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஜெயா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

"தெரியும்" என்றாள். கீரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "பீரோவுக்குப் பின்னாடி காலி மருந்து டப்பா கெடக்கு. பத்துக்கு மேல இருக்கும்."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா ஓட்ட மாட்டீங்கள்ல." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுச் சொன்னாள். "சர்டிபிகேட்டோட வந்த அன்னைக்கு ஒங்க மூஞ்சி பழைய மூஞ்சியா இருந்துச்சு. அத நான் எப்பிடிங்க புடுங்குறது? தப்புத்தான். தெனமும் நீங்க வண்டி எடுக்குற நேரத்துல பூச ரூம்ல போயி ஒக்காந்துக்குவேன். பஸ்ல இருக்குறவுகளுக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன்."

அவளைத் திட்டவும் முடியவில்லை.

கீரையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தாள். சுவரைப் பிடித்தும் முடியவில்லை. முகம் வெளுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சேலையில் ரத்தம். நான் பயந்து கத்தினேன். அவள் கையைக் காட்டி அடக்கினாள்.

"சத்தம் போடாதீங்க. ஒரு வருஷமா இப்பிடித்தான்."

போன வருஷம் நான் மதுரையில் கண்ணாடி அறையில் தனியாகப் படுத்திருந்தபோது, அவள் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். கர்ப்பப்பையில் கட்டி. சாதாரணக் கட்டிதான், ஆனால் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "ஒங்களுக்கு செல் மாத்தி நூறு நாள் கழியட்டும்னு இருந்தேன். அப்பறம் ஆறு மாசம் கழியட்டும்னு. அப்பறம் நீங்க வேலைக்குப் போகட்டும்னு. நானும் படுத்துட்டா ஒங்களுக்குத் தண்ணி காய வச்சுக் குடுக்க யார் இருக்கா?"

என் டெம்பரேச்சரைப் பதினாறு மாதமாக அவள்தான் குறித்து வைக்கிறாள். காய்ச்சல் கூடினால் உடனே ஓட வேண்டும் என்று ஒரு பை எப்போதும் தயாராகக் கதவோரம் இருக்கும். பழத்தைத் தோல் சீவித் தருகிறாள், போர்வையை வெந்நீரில் அலசுகிறாள். இந்த நோட்டில் நானே எழுதியிருக்கிறேன், அவளுக்கு இடுப்பு வலி, சீக்கிரம் படுத்துவிட்டாள் என்று. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். இதற்குக் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

டிசம்பர் 26, செவ்வாய்

மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, இன்று காலையில் டெப்போவுக்குப் போனேன். என் வண்டி கழுவி நிறுத்தியிருந்தது. ஏறவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போய், கண்ணில் கோளாறு இருக்கிறது, போர்டில் மறைத்துவிட்டேன், வண்டி எடுக்க முடியாது என்று சொன்னேன். நின்றபடியே சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார். "நாப்பது அம்பது உசுருய்யா" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதும்போது எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அவரே பேனாவை வாங்கி எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். மறுபடி போர்டுக்கு அனுப்புவார்களாம். அதுவரை லீவு. பிறகு டைம் கீப்பர் வேலை கேட்டுப் பார்க்கலாம் என்றார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, வண்டி வருகிற நேரமும் போகிற நேரமும் எழுதுகிற வேலை.

வெளியே அருளப்பன் நின்றான். என் கையைப் பிடித்தான்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் அழுதேன். கண்ணீர் வரவில்லை. கண்தான் எரிந்தது.

ஜனவரி 3

மதுரை. கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். கருவிழியில் கீறல் விழுந்திருக்கிறதாம். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. இனி முழுதாகப் பழையபடி ஆகுமா என்று கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. மறுபடி மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். முகம் மறுபடி வீங்கும்.

ஜாஸ்மின் சிஸ்டர் தாளை எடுத்தார். இந்த முறை ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு 'கொஞ்சம்' என்றேன். அவர் எழுதிக்கொண்டு, "இப்பத்தான் அண்ணா ஒங்களுக்கு என்னால ஏதாச்சும் செய்ய முடியும்" என்றார். ஜெயக்கொடியின் ஸ்கேனையும் எடுத்துப் போயிருந்தேன். அவரே பெண்கள் பிரிவுக்குக் கூட்டிப்போனார். ஜெயக்கொடிக்கு ரத்தம் பாதி அளவுகூட இல்லை.

ஜனவரி 10

என் கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்து, கண்ணுக்குச் சொட்டு மருந்தாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஐஸ் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய செல்தான் என் கண்ணைக் கெடுத்தது என்றும் சொன்னேன். அழுதாள். அழட்டும் என்று விட்டேன். இப்போது மருந்தும் அந்த ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள் என்றேன். மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "சின்னப் பிள்ளையில ஒன்ன அடிக்கிறதும் நாந்தான், அழுதா தூக்கி வச்சுக்கிறதும் நாந்தான். இப்பவும் அதே பொழப்பாப் போச்சா?"

ஜனவரி 29, திங்கள்

ஜெயக்கொடிக்கு ஆபரேஷன். முன்பே இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். அக்கா உசிலம்பட்டியிலிருந்து வந்து அவளோடு தங்கியிருக்கிறாள். நான் வார்டுக்குள் அதிக நேரம் இருக்கக் கூடாது, தொற்றிக்கொள்ளும் என்றார்கள். ஆனால் கூட இருப்பவர் என்று கையெழுத்துப் போட்டது நான். மாஸ்க் போட்டுக்கொண்டு வராந்தாவில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் அவள் உட்கார்ந்திருந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. நாற்காலி முதுகில் குத்துகிறது.

நல்லபடியாக முடிந்தது.

பிப்ரவரி 14

சமையல் நான்தான். ரசம், துவையல், முட்டை. ஒரு வேலை செய்துவிட்டுக் கால் மணி உட்காருகிறேன், பிறகு அடுத்தது. காலைச் சாப்பாடு பதினோரு மணிக்கு முடிகிறது. "உப்பு கம்மி" என்றாள். என் வாய்க்கு எந்த உப்பும் எரிகிறது, எப்படிப் பார்ப்பது? இனி போடும்போது அவளையே அளவு சொல்லச் சொன்னேன்.

மார்ச் 11

டைம் ஆபீஸில் முதல் நாள். தடித்த கண்ணாடி, பக்கத்தில் ஐஸ் டப்பா. காலை ஏழு பத்து கொடைக்கானல் வண்டி புறப்பட்டது. ஓட்டுவது புது டிரைவர், நல்ல பையன் என்கிறான் அருளப்பன். நேரம் எழுதினேன். ஏழு பதினொன்று.

ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நாளைக்கும் போக வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். ஜெயக்கொடியை நான் ஒரு தடவைகூடக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனதில்லை. தினமும் போகிற வேலைக்கு அவளை எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது அவள் உடம்பு தேவலை, பஸ் ஆட்டம் தாங்கும் என்று டாக்டரம்மா சொன்னதும், போகலாமா என்று கேட்டேன். "எனக்கு மலை ஒத்துக்காதுங்க" என்றாள். ஆனால் காலையில் புதுச் சேலை கட்டியிருந்தாள்.

அருளப்பன் எங்களை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தான். பயணியாக நான் இந்த ரோட்டில் போனதே இல்லை. ஜன்னல் வெளிச்சம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். மலையடிவாரத்தில் காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டியதும் உடம்புக்கு ஒவ்வொரு வளைவும் முன்கூட்டியே தெரிந்தது. டிரைவர் கியர் மாற்றும் முன்பே என் கால் கிளட்சை மிதித்தது.

"என்னா தெரியுது?" என்று அவளைக் கேட்டேன்.

"பள்ளம்."

"அப்பறம்?"

"தூரத்துல ஒரு அருவி, நூல் மாதிரி. கொரங்கு ஒண்ணு மதில்ல ஒக்காந்து பிஸ்கட் திங்குது. அந்த வீட்ல செகப்பா ஏதோ பூத்துக் கெடக்கு, பேர் தெரியல." அப்படியே சொல்லிக்கொண்டு வந்தவள் திடீரென்று நிறுத்தினாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பாதி மலையில், ஊத்து என்ற ஸ்டாப்பில் இறங்கிவிட்டோம். அருளப்பன் "பாத்துண்ணே" என்றான். பஸ் மேலே போய்விட்டது. அவள் ரோட்டோரம் வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் கால் தளர்ந்துவிட்டது. இரண்டு பேரும் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பனிமூட்டமாக மஞ்சு இறங்கி, வெளிச்சம் கண்ணைக் குத்தாத அளவுக்குக் குறைந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். எல்லாம் கலங்கலாகத்தான் இருந்தது. மஞ்சினாலா, கண்ணினாலா என்று தெரியவில்லை.

"கொடைக்கானல் பாக்காமயே திரும்புறோமே" என்றேன்.

"போதும்ங்க. கெறக்கமா இருக்கு." என் தோளில் சாய்ந்துகொண்டாள். "கீழ போற வண்டி எப்ப?"

நேரம் எனக்கு மனப்பாடம். "அடுத்தது ஒரு மணிக்கு. அதுக்கடுத்து ரெண்டு இருபது."

"ரெண்டு இருபதுக்கே போவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.